நானூற்றியொன்று

சீட்டுக் கணக்கைக் கொப்பியிலிருந்து
பழைய மடிக்கணினிக்கு மாற்றியவள் நான்தான்.
வெள்ளவத்தை, மூன்றாம் மாடி, கடற்பக்கம்;
கோச்சி போகும்போதெல்லாம்
மேசையில் சர்வரும் சேர்ந்து நடுங்கும்.
பதினெட்டுப் பெண்கள், மாதம் பத்தாயிரம்.
கட்டிடத்து வைஃபைக்குள் எவரும் பார்க்கலாம்
யாருக்கு எந்த மாதம், யார் கட்டியாயிற்று,
யார் இன்னும் இல்லை.

அந்த ‘இன்னும் இல்லை’யைச்
சிவப்பில் போட்டதும் நான்தான்.

பஸ்மியா, நானூற்றியொன்றாம் இலக்கம்,
மூன்று மாதம் சிவப்பு.
யாரோ ஒரு பொடியன் பார்த்து லிஃப்டில் சொல்லிவிட்டான்.
அதன்பிறகு அவள் லிஃப்டில் ஏறுவதில்லை.
அரிசிப் பையோடு படியேறும் செருப்புச் சத்தம்
என் கதவடியில் மெதுவாகிறது;
இல்லை, வேகமாகிறது.
என் காதை நம்ப முடியவில்லை.

இரவு, பூட்டுப் போட உட்கார்ந்தேன்.
புள்ளியில் தொடங்கும் ஒரு கோப்பு, அதில் நாலு வரி.
சேமித்தேன், திறந்தேன்,
ஒரு கேள்வியுமில்லாமல் உள்ளே விட்டது.
பூட்டுத் தொங்குகிறது, வாசல் அதைக் கண்டுகொள்ளவில்லை.
‘இதையும் மதி’ என்று
சர்வரின் தாய்க்கோப்பில் தனியாகச் சொல்ல வேண்டுமாம்.
சொன்னேன்.
பாதையில் ஒரு சாய்கோடு விட்டுப்போய்
இந்த முறை எல்லாமே விழுந்தது.
தேத்தண்ணி ஆறிப்போனது.

கடவுச்சொல் கோப்பைக்
காக்கிற கோப்புறைக்குள் வைக்கக்கூடாது.
அதை மட்டும் பிழைவிடாமல் செய்தேன்.

திறந்து பார்த்தால்
என் பெயர், ஒரு முக்காற்புள்ளி,
பிறகு அரைத்துக் கொட்டிய எழுத்துகள்.
நான் கொடுத்த சொல் அங்கே இல்லை.
வருகிறவர் சொல்வதையும் அப்படியே அரைத்துத்
தூளைத் தூளோடு ஒப்பிடும் காவல்.
இந்த நகரத்தில் எத்தனை தடையடியில்
பெயர் சொல்லி, ஊர் சொல்லி,
மறுபடி ஊர் சொல்லி நின்றிருக்கிறேன்!
அடித்துக் கேட்டாலும் சொல்லத் தெரியாத காவலாளியை
இன்றுதான் பார்க்கிறேன்.

சோதிக்கவென்று பிழையான சொல் கொடுத்தேன்.
மீண்டும் கேட்டது. மீண்டும்.
கைவிட்டேன்.
வெள்ளைத் திரையில் வந்தது: 401.

அவளுடைய கதவிலக்கம்.

நீ யாரென்று உறுதியாகவில்லை,
உள்ளே விட முடியாது என்று அதற்குப் பொருள்.
ஆறு வருடமாக என் தலைக்கு மேலே நடக்கிறவள்.

காலையில் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு படியேறினேன்.
கதவு சங்கிலியளவு திறந்தது.
‘முதற்பெயர் என்னுடையது, இரண்டாவது உங்களுடையது,
மற்றவர்களை இன்னும் சேர்க்கவில்லை.
சொல்லை நீங்களே அடியுங்கள்’ என்றேன்.
சிவப்பைப் பற்றி அவள் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.

சங்கிலியைக் கழற்றாமல்
மடிக்கணினி உள்ளே போகாது.
இருவரும் அதைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றோம்.

பிறகு நான் கடலைப் பார்த்துத் திரும்பி நிற்க,
முதுகுக்குப் பின்னால் பதினொரு தட்டல்.
உறுதிசெய்ய இன்னொரு தரம் கேட்கும் அது.
பதினொன்று.