எவ்வளவு நேரம் ஆகும்?

சீட்டைக் கிழிக்கும் முன்பே கேட்டுவிடுகிறார்கள்.
பதில் சொல்ல எனக்கு முகம் வேண்டாம்,
கால் போதும்.
மணல் ஒட்டிய செருப்பு என்றால்
வெயிலுக்கு ஒதுங்கியவர், இருபது நிமிடம்.
புதுச் செருப்பு, குதிகாலில் பிளாஸ்திரி: பன்னிரண்டு.
பிள்ளையைத் தோளில் போட்டு ஓடி வந்தால்
கழிப்பறை எங்கே என்பதுதான் அடுத்த கேள்வி.

விருத்தாசலத்துச் சுற்றுலா வண்டி, ஐம்பத்திரண்டு பேர்.
கூட்டி வந்த தாண்டவமூர்த்தி
கழுத்தில் விசில் மாட்டியிருக்கிறார்.
பத்து மணிக்கு மணக்குள விநாயகர், பதினொன்றுக்கு நாங்கள்,
பன்னிரண்டுக்குச் சாப்பாடு, ஒன்றரைக்குச் சுண்ணாம்பாற்றில் படகு.
"அரிக்கமேட்டை அஞ்சு நிமிஷத்துல முடிச்சிருங்க."
இரண்டாயிரம் வருடம்
மூன்றரை நிமிடத்தில் முடிந்தது.
புஸ்புஸ் வண்டியை மட்டும் சுற்றிச் சுற்றி வந்த ஒரு பையன்
இதை இழுத்தவர் பேரு என்ன என்றான்.
விசில் ஊதிவிட்டது.

அவர்களைச் சொல்வானேன்.
பதினாறு வருடமாக நானும் குறைத்துத்தான் சொல்கிறேன்.
குறைத்துச் சொன்னால்தான் உள்ளே வருகிறார்கள்.

அதே புதன், கூட்டம் கலைந்த பிறகு
ஒரு பெண். துணிப்பையில் ஃபிளாஸ்க்,
மடிக்கக் கூடாத பெரிய பழுப்பு உறை ஒன்று
பைக்கு வெளியே நீட்டிக்கொண்டு.
காலைப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை.

"இங்க மூணு மணி நேரம் ஆகுமாங்க?"

ஆகாது என்று வாய் வரை வந்தது.

"ஜிப்மர்ல அவரை உள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்க.
மூணு மணிக்கு மேல வரச் சொல்லிருக்காங்க.
அந்த நாற்காலில உக்கார முடியல.
வந்த பஸ்ல ஏறிட்டேன்."

நேரத்தை இழுத்துக் கொடுக்க எனக்குப் பழக்கமில்லை.
தட்டுத் தடுமாறிச் சொன்னேன்:
மாடிக்கு முதலில் போகாதீங்க.
செப்புச் சிலைங்க கைவிரலைப் பாருங்க,
ஒண்ணு மாதிரி ஒண்ணு மடங்கியிருக்காது.
துப்பாக்கி அறை வேண்டாம்.
கடைசியில் கண்ணாடிப் பெட்டியில் மணிகள் இருக்கும்,
பச்சை, சிவப்பு, கடுகு மாதிரிப் பொடிசு.
மணி போகலைன்னா மணியை எண்ணுங்க.

"எத்தனை இருக்கும்?"

யாரும் எண்ணினதில்லை என்றேன்.
பொய். பதிவேட்டில் இருக்கிறது.

சாப்பாட்டுக்குப் போகும்போது எட்டிப் பார்த்தேன்.
கண்ணாடியைத் தொடாமல் விரல் நகர்கிறது, உதடும்.
யாரோ குறுக்கே போனார்கள்.
மறுபடி ஒன்றிலிருந்து.

இரண்டு முப்பத்தைந்துக்கு வெளியே வந்தார்.
ஃபோனைக் காதில் வைத்தபடியே
என்னிடம் மட்டும் மெதுவாக,
"நானூத்திப் பதினேழு. பச்சை இன்னும் பாதி கிடக்கு.
மீதியை வந்து எண்ணிக்கறேன்."
செயின் லூயி தெருவில் பாதி நடை, பாதி ஓட்டம்.

பதிவேட்டை நான் எடுக்கவில்லை.
அன்று மாலை கடைசிச் சீட்டைக் கிழித்துவிட்டு
பெட்டியைப் பூட்டும்போதுதான் உறைத்தது:
திங்கட்கிழமை விடுமுறை என்று
அவரிடம் சொல்லவே இல்லை.