ஈரக் கழிவு

காசோலை வந்தது.
முந்நூற்றைம்பது ரூபாய், எழுத்தாலும் எண்ணாலும்.
பெறுபவர்: மிளார்.

கோத்தகிரி வங்கியில் அப்படி ஒருவரும் இல்லை.
மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து
மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார்.
அப்போதும் இல்லை.
"மிளார்னா யாரு, உங்க பையனா?"
கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சி சார்,
அடுப்பெரிக்கக் கட்டித் தலையில் தூக்கிவருவோம்,
அதைத்தான் கதை எழுதுகிறவனுக்குப் பெயராக வைத்தேன் என்று
சொல்ல வாயெடுத்து
"நான்தான்" என்றேன்.

பாஸ்புத்தகத்தில் நான் அ. மரியதாஸ்.
இரண்டு பேரும் ஒருவர்தான் என்று
பத்திரத்தில் எழுதி வாங்கிவரச் சொன்னார்.
நோட்டரிக்கு முந்நூறு, பத்திரம் இருபது, நகலுக்குப் பத்து.
மிச்சம் இருபது ரூபாய்க்கு நான் எழுத்தாளன்.

பதினொரு வருடமாக இலை எடை போடுகிறேன்.
ஃபேக்டரி வாசலில், தராசுக்கு இந்தப் பக்கம்.
மழைநாளில் மூட்டைக்கு மூன்று கிலோ ஈரக் கழிவு.
"இது இலைடா, தண்ணி இல்ல" என்பார் பெள்ளி அண்ணன்.
மூட்டைக்குள் கையை விட்டு உதறிக் காட்டுவார்.
நான் குனிந்து மூன்று என்று எழுதுவேன்.
அதே பேனாதான் ராத்திரிக்கும்.

ராத்திரி என்றால்
ஸ்டெல்லாவும் பிள்ளையும் தூங்கிய பிறகு.
விளக்குப் போட்டால் கரடி வரும் என்பது அவள் கட்சி.
போடாவிட்டால்தான் வரும் என்பது என் கட்சி.
சத்துணவுக் கூடத்துக் கதவை உடைத்து
எண்ணெய் டின்னைக் குடித்துவிட்டுப் போன கரடி
எந்தக் கட்சியிலும் இல்லை.
ஒருநாள் அது கதவை முகர்வது கேட்டது.
எழுதிக்கொண்டிருந்த வாக்கியத்தை முடித்துவிட்டுத்தான்
விளக்கை அணைத்தேன்.
காலையில் பார்த்தால் நன்றாக இல்லை. அடித்துவிட்டேன்.

நாவல் நானூற்றுப் பதினாறு பக்கம்.
சென்னைப் பதிப்பகம் ஒரு பத்தி பதில் போட்டது.
களம் புதிது. நடையில் ஈரம் அதிகம்.
பாதியாகக் குறைத்தால் பரிசீலிக்கலாம்.
நூறு பிரதிகளை ஆசிரியரே வாங்கிக்கொள்வது வழக்கம்.

ஈரம் அதிகம்.
அன்றைக்கு முதல்முறையாக
தராசுக்கு அந்தப் பக்கம் போய் நின்று
என் மூட்டைக்குள் நானே கைவிட்டு உதறிப் பார்த்தேன்.

"வெட்டினாத்தானே செடி தழைக்கும்" என்றான் ஜெயசீலன்.
அவன் கவ்வாத்துக்காரன், சொல்லலாம்.
"வெட்டினவனுக்குச் சாயங்காலமே கூலி கிடைக்குதுடா,
செடிக்கு யாரு குடுக்கிறா?" என்றேன்.
சிரித்தான்.
டீக்குக் காசு அவன்தான் கொடுத்தான்.

ஸ்டெல்லா காலண்டர் பின்பக்கம் கணக்கு வைத்திருக்கிறாள்.
தட்டச்சு, தபால், போட்டிக்கு நுழைவுக் கட்டணம்,
பரிசு வரும் என்று நம்பி வாங்கிய சட்டை.
வரவுப் பக்கத்தில் ஒரே ஒரு வரி.
அதற்கும் பக்கத்தில் கேள்விக்குறி.
திட்டுவாள் என்று நினைத்தேன்.
"செக்குக்கு மூணு மாசந்தான் உசுரு,
இன்னும் பத்தொம்பது நாள் இருக்கு" என்றாள்.
அரிசி டப்பாவிலிருந்து மூன்று நூறுகளை எடுத்து
மாவைத் தட்டிவிட்டுக் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை அரைநாள் லீவு.
கடைவீதி முழுக்க மஞ்சு, வங்கிக்குள்ளும் கொஞ்சம்.
மரியதாஸ் என்கிற மிளார்,
முத்திரையோடு நீட்டினேன்.
மேலாளர் வேறு படிவம் தந்தார்.
"எல்லாத்தையும் புதுசா நிரப்புங்க."

பெயர் எழுதினேன். தகப்பன் பெயர். வயது முப்பத்தெட்டு.
தொழில் என்று ஒரு கட்டம்
கீழே, வலது ஓரத்தில்.
வங்கிப் பேனாவை நூலில் கட்டியிருந்தார்கள்.
நூல் அதுவரை எட்டவில்லை.

சட்டைப் பையில் என் பேனா இருந்தது.
மூன்று கிலோ கழிக்கிற பேனா.
எடுக்கவில்லை.
பின்னால் நின்ற அம்மா "சீக்கிரம் தம்பி" என்றாள்.
படிவத்தைக் கொஞ்சம்
நூல் பக்கமாக நகர்த்தினேன்.