மேல்வளி அறிக்கை

விடிய ஐந்தரைக்குப் பலூனை விட்டுவிட்டு
பௌத்தாலோக மாவத்தை அலுவலகத்தில்
இரண்டாவது பிளேன்ரீ குடிக்கும்போது
கப்டன் தெஹிகம வந்தார்,
தொப்பியைக் கக்கத்தில் இடுக்கி,
கடன் கேட்க வந்தவரைப் போல.

அவருக்குக் காற்று வேண்டும்.
ஐந்நூறு மீற்றருக்கு ஒருக்கால்
திசையும் வேகமும்.
கணக்குப் போடும் பெட்டிக்கு லைசன்ஸ் முடிந்ததாம்,
டொலர் இல்லாத வருசத்தில்.
"கைக்கணக்கு எல்லாருக்கும் மறந்துபோச்சு, மிஸ்."
பாதிச் சிங்களம், பாதி இங்கிலீஷ்,
மிஸ்ஸுக்கு முன்னால் மட்டும் கொஞ்சம் தமிழ்.

யுத்தம் முடிந்தபின் பீரங்கிக்காரர்
நடைபாதைக்குக் கல் பதித்தார்கள்.
வாய்க்கால் தோண்டினார்கள்.
மரக்கறி லொறிக்குக் காவல் போனார்கள்.
நல்ல குறிகாரன் ஒருவன்
எட்டு வருசம் ஹோட்டல் வாசலில் கதவு திறந்தான்.
பெப்ரவரியில் காலிமுகத்திடலில் வெறும் வேட்டு;
கடலைப் பார்த்துச் சுட
யாருக்கு வேண்டும் குறி?
இப்போது மேலிடத்து உத்தரவு:
பென்சிலால் பழகு.
புதுப் பொடியன்களுக்கு
மடக்கை என்றால் ஏதோ காய்ச்சல்.

நானும் மறந்துதான் இருந்தேன்.
கொழும்புக்கு வந்த முதல் பெப்ரவரி
நூறாம் நம்பர் பஸ்ஸில், வேட்டுக் கேட்டு
சீற்றுக்கு அடியில் போய்ப் படுத்தேன்.
கொண்டக்டர் ரிக்கற் காசைத் திருப்பித் தந்தான்.
அடுத்த வருசம் குனிந்ததோடு சரி.
பிறகு கண் மட்டும் ஒருமுறை மூடித் திறந்தது.
போன தடவை
போனில் பாரைமீன் விலை கேட்டுக்கொண்டிருந்தேன்.
வேட்டு முடிந்ததைப் பேப்பரில்தான் பார்த்தேன்.

கப்டன் பயிற்சித்தாளை மேசையில் விரித்தார்.
ஐந்து கிலோமீற்றர், உயர்கோணம்.
பறக்கும் நேரம்: முப்பத்தொன்று.

"பிழை" என்றது என் வாய்.

"சத்தம் வந்துசேரப் பதினைந்து.
அங்கே குத்துறது கேட்ட பிறகு
எங்கள் கையில் இருந்தது இருபது.
தம்பியைத் தூக்க நாலு,
பங்கர் வாசலுக்கு ஒன்பது,
மிச்சம் அம்மாவுக்கு.
கூட்டிப் பாருங்கோ."

மின்விசிறி இரண்டு சுற்றுச் சுற்றியது.
எந்த ஊர், எந்த மாதம் என்று
அவர் கேட்கவில்லை.
அழிறப்பர் கேட்டார்.
கொடுத்தேன்.
முப்பத்தைந்து என்று எழுதி
எண்ணின் கீழ் ஒரு கோடும் போட்டார்.

பிறகு காற்றை வாசித்தேன்.
மூவாயிரத்தில் வடகிழக்கு, பதினாலு நொட்.
ஒரு திசையை மாற்றிச் சொல்ல
அரை நொடி காணும்.
மாற்றவில்லை.
பிழைத்த காற்றில் வருவது
எங்கே விழும் என்று
எறிந்தவனுக்கும் தெரியாது.
பள்ளிக்கூடக் கிணற்றடிக்குத் தெரியும்.

போகும்போது, கட்டணம் எவ்வளவு என்றார்.
அரசாங்கத் திணைக்களங்களுக்கு இலவசம் என்றேன்.
அடுத்த செவ்வாயும் வருவாராம்,
இரண்டு பொடியன்களோடு.

மாலை ஐந்தரை.
சேமக்கலம் போல ஒரு வெயில் கூரைகளுக்கு மேல்.
நூலை விட்டேன்.
பலூன் பொரளைப் பக்கம் சரிந்து ஏறியது.
வாய் தன்பாட்டில் எண்ணிக்கொண்டிருந்தது,
பதினெட்டு, பத்தொன்பது,
இருபது,

இருபத்தொன்று.