தண்ணிக்குக் கழிவு

பொகவந்தலாவைக்கு மேலே, எங்கள் டிவிசன் கிளினிக்கில்
சுவரில் ஒரு படம்:
மீன், முட்டை, ஈரல், நெத்தலிக் கருவாடு.
மூலையில், குண்டூசி குத்தின இடத்தில்
ஒரு பிடி கௌபி.
அந்தக் குண்டூசிக்குக் கீழேதான் என் சாப்பாடு.

குசுமா மிஸ் அட்டையில் எழுதினார்:
ஐந்து மாதம், நாற்பத்திரண்டு கிலோ, ரத்தம் போதாது.
"நாளைக்கு ஒரு முட்டை. ஏன் ஏலாது?"
ஏலாது மிஸ்.
"சாமிக்கா?"
சாமிக்கு இல்லை. எங்கள் சாமியே கிடாய் கேட்கிற சாமி.
திருவிழா முடிந்தால் பன்னிரண்டு காம்பராவிலும் இறைச்சி கொதிக்கும்,
என் சட்டியில் மட்டும் கத்தரிக்காய்.
காரணம் எனக்கும் ஒரு சேவலுக்கும் இடையில் இருக்கிறது.
அது செத்துப் பதினாறு வருஷம்.
இரண்டு பேரும் வெளியே சொல்வதில்லை.

மிஸ் சிரிக்கவில்லை.
மாத்திரைக் கவரைத் திருப்பி எழுதித் தந்தார்:
ஒரு நாளைக்குப் புரதம் எழுபது கிராம்.
கீழே பருப்பு, கடலை, சோயா, ஒவ்வொன்றிலும் எத்தனை என்று.
எனக்குக் கிலோ தெரியும். முதுகுக்குத் தெரியும்.
கிராம் புதுசு.

இரவு மூத்தவன் கஜரூபனின் கொப்பியில் கணக்குப் போட்டேன்.
ரொட்டி இரண்டு, கோதுமை மாவிலும் கொஞ்சம் இருக்கிறதாம், பதினைந்து.
சோறு பத்து.
பருப்பு, கால் கிலோ பைக்கற், நாலு பேருக்கு மூன்று நாள்;
கடைசியாகப் போடுகிறவளுக்கு அகப்பையில் மஞ்சள் தண்ணி,
ஆனாலும் ஐந்து என்று எழுதினேன்.
சோயாமீட் சம்பளக் கிழமையில் மட்டும்.
பால்மாவுக்கு விலை கேட்டதோடு சரி.
தேத்தண்ணி ஆறு கோப்பை, வெறும் சாயம்:
சைபர்.
நான் கிள்ளியது, நான் சுமந்தது, சைபர்.
கூட்டினால் முப்பத்தொன்று.
பையன் சிவப்புப் பேனையால் பிழை போட்டான்.
முப்பது.

மறுநாள் நல்ல மழை. நிறுவைக்கு நின்றோம்.
தராசு ஒன்பது காட்டியது,
கணக்கப்பிள்ளை ஏழு என்றார்.
சாக்குக்கு ஒன்று, தண்ணிக்கு ஒன்று.
நாளைக்கு மூன்று நிறுவை. ஆறு கிலோ.
பதினாலு வருஷம் கேட்டுக்கொண்டு நின்ற கணக்கு
கிராம் படித்த பிறகுதான் காதில் ஏறியது.

"ஐயா, எனக்கு நாளைக்கு எழுபது கிராம்தான் வேணுமாம்.
உங்கட சாக்கு ஆறு கிலோ தின்னுதே,
அது சைவமா, மச்சமா?"

நனைந்த படங்குகளுக்குள்ளிருந்து சிரிப்பு வந்தது.
அவர் ஏழை வெட்டி ஏழரை என்று எழுதினார்.
ஏழரை என்றால் சனி என்பார்கள்.
இருக்கட்டும். அரைக் கிலோ.

வெள்ளிக்கிழமை நிலாம்தீன் கடையில் கடலை வாங்கினேன்.
நூறு கிராம், பழைய பால்மா டின்னில் ஊறப்போட்டது.
விடியப் பார்த்தால் மூடியைத் தள்ளிக்கொண்டு நிற்கிறது.
டின் நிறையக் கடலை!
ஒரு நொடிதான் சந்தோஷம்.
எனக்குள்ளேயே ஒரு கணக்கப்பிள்ளை எழும்பி
தண்ணிக்குக் கழித்தான்.
நூறு நூறாகவே இருந்தது. அதில் புரதம் இருபது.

செத்தல் மிளகாய், தேங்காய்ச் சொட்டு போட்டுத் தாளித்து
மடியில் கட்டிக்கொண்டு மலைக்கு ஏறினேன்.
பத்து மணிக்கு நிரை முடிகிற இடத்தில் பொட்டலத்தைப் பிரிக்க
பக்கத்து நிரை யோகமலர் கையை நீட்டினாள்.
நேற்று அவள் வீட்டில் சாளைமீன்,
வாசம் சுவர் தாண்டி வந்து எங்களோடு படுத்திருந்தது.
அவளைப் பார்த்தேன். கடலையைப் பார்த்தேன்.
வயிற்றுக்குள் யாரோ திரும்பிப் படுத்த மாதிரி இருந்தது.
ஒரு பிடி கொடுத்தேன்.

நாலு கிராம் போச்சு.

"உப்பு பத்தாது," என்றாள்,
மென்றுகொண்டே.