அறுபத்தொன்று

கார்மென்ட்ஸில் ஆயிரத்து இருநூறு பேருக்குச்
சம்பளப் பட்டியல் போடுகிறவள் நான்.
வீட்டில் ஒரே ஒரு ஆள்.
அவர் கணக்குத்தான் இடிக்கிறது.

கோல்ஃப் ஆடுகிறவர் என்றால்
கார் எங்கே என்கிறார்கள் முருகேஷ்பாளையாவில்.
ஸ்கூட்டரில் என் மடிமேல் வரும் பை,
பதினாலு மட்டையும் மழை உறை மாட்டிக்கொண்டு.

ஜனவரியிலிருந்து எழுதி வருகிறேன்:
நுழைவுக் கட்டணம், பை தூக்கும் பையனுக்கு,
அகமதாபாத் ரயில், சண்டிகர் பஸ்,
ஜாம்ஷெட்பூரில் ஒரு காய்ச்சல்.
இடப்பக்கம் பரிசு.
வாசல் பலகையில் ஒரு கோடி என்று போட்டிருப்பார்கள்.
அந்தக் கோடி ஐம்பது பேர் வழியாக இறங்கி
எங்களிடம் வரும்போது
ஆட்டோவுக்குச் சில்லறை கேட்கும்.
அதிலும் வரி பிடித்தம்.
ஏழு ஊரில் கட் தாண்டவில்லை.
அந்த ஏழு வரியிலும் வெறும் கோடு.

வருஷக் கடைசியில் அந்தப் பணத்தை வைத்துத்தான் வரிசை.
முதல் அறுபது பேருக்கு அடுத்த வருஷ அட்டை.
மற்றவர்கள் மறுபடி தகுதிச் சுற்று,
காசு கட்டி, மீசை முளைக்காத பையன்களோடு.
கடைசிப் போட்டி நம்மூரில்.
அறுபதாவது, டோலிகஞ்ச் நிமாய் மண்டல்.
அறுபத்தொன்று, என் வீட்டுக்காரர் அருமைநாதன்.
நடுவில் இரண்டாயிரத்து நூற்று நாற்பது ரூபாய்:
ஒரு சிலிண்டர், ஒரு மாத கரண்ட் பில்.

நிமாய் எங்கள் ஹாலில்தான் படுத்திருந்தான்.
லாட்ஜ் வாடகை அவனுக்கும் கட்டாது.
கொல்கத்தா போனால் இவர் அவன் வீட்டில்.
பத்து வருஷமாக அப்படித்தான்.

சனி ராத்திரி ரசம் ஊற்றிக்கொண்டிருந்தேன்.
"பதினெட்டில் கொடியைப் பின்னால் வைத்தால்,"
என்றார் இவர், உடைந்த இந்தியில்,
"கண்ணுக்கு இடது மாதிரி இருக்கும். நம்பாதே.
பந்து ஏரிப் பக்கம்தான் போகும்.
பதினோரு வயசில் பை தூக்கப் போனேன்,
அன்றைக்கும் அந்தப் புல் இப்படித்தான் பொய் சொன்னது."
கரண்டியால் பாத்திரத்தைத் தட்டினேன்.
நிமிரவில்லை மனிதர்.
ஆட்டத்தின் நடுவே சொன்னால் தண்டனை உண்டாம்.
ரசத்தின் நடுவே சொன்னால் ஒன்றுமில்லை.

ஞாயிறு, இவர் முன்னாலேயே முடித்துவிட்டார்.
கயிற்றோரம் நின்று மனக்கணக்குப் போட்டேன்:
நிமாய் இதை உள்ளே தள்ளினால் இருவரும் சமம்,
முப்பத்தொன்றும் முப்பத்திரண்டும் கூட்டிப் பாதி பாதி,
பழைய வித்தியாசம் அப்படியே நிற்கும்.
தவறினால் நாங்கள் மேலே, நாலாயிரத்துச் சொச்சம்.
நாலடி தூரம்.
மாதாவே, தவறட்டும் என்றேன்.
காலையில் அவனுக்கு ரெண்டு தோசை கூடப் போட்ட கை
முந்தானைக்குள் சிலுவை போட்டது.

பழைய ஏர்போர்ட்டிலிருந்து போர் விமானம் ஒன்று கிளம்பியது.
நிமாய் விலகி நின்று சத்தம் தேயக் காத்திருந்தான்.
இடது பக்கம் பார்த்தான்.
ஏரிப் பக்கம் பார்த்தான்,
காற்றில் சாக்கடை வாடை வந்த திசை.
பிறகு சனி ராத்திரிப்படி
தட்டினான்.

குழிக்குள் பந்து விழுகிற சத்தம்
அவ்வளவு சின்னது.
முதலில் கைதட்டியது இவர்தான்.

மறுநாள் பேப்பரில் ஜெயித்தவன் நின்றான்,
கதவு அகலத்துக்கு ஒரு காசோலையோடு.
அறுபதும் இல்லை அதில், அறுபத்தொன்றும் இல்லை.

யஷ்வந்த்பூரில் நிமாயை ரயிலேற்றிய பிறகு
தலையணை உறையைத் துவைக்கக் கழற்றினேன்.
ஐந்நூறு தாள் மூன்று,
வங்காளத்தில் ஏதோ கிறுக்கிய சீட்டில் மடித்து.
படிக்கத் தெரியவில்லை.
நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.
பரிசு என்று எழுத முடியாது.
வாடகை என்றும் எழுத மனசில்லை.
எந்த வரிசையும் இதை எண்ணாது.
பருப்பு டப்பாவுக்கடியில் வைத்தேன், எழுதாமல்.

ஹாலில் எவர்சில்வர் டம்ளரைப் படுக்கவைத்து
பந்தை உருட்டிக்கொண்டிருந்தார் இவர்.
டிங். டிங். ஒன்று தவறியது.
"தகுதிச் சுற்றுக்கு எவ்வளவு?" என்றேன்.
சொன்னார்.
எழுதினேன், வலப்பக்கம்.