மிச்சம் இறங்கேக்கை

ஸ்கேன் படத்தில் அது பெரிதாய் இல்லை.
இடப்பக்க நெற்றிக்குப் பின்னால்
ஒரு இருட்டு,
வல்லைவெளியில் மாரித்தண்ணீர் தேங்கினது போல.
அதற்குள் தாண்டுபோனவை:
தலையணி, வலி, மகளின் பெயர்,
இன்றைக்கு என்ன கிழமை.

மிதந்து வந்தது ஒரே ஒரு சொல்.

தாகமெடுத்தால், மிச்சம்.
ஊசி குத்தினால், மிச்சம்!
பெரிய டொக்டர் சுற்றி வரும்போது
மரியாதையாக, கொஞ்சம் தலை தாழ்த்தி, மிச்சம்.

இரத்தினவடிவேல்
இருபத்தாறு வருஷம் காங்கேசன்துறை வீதி பஸ்ஸில்
கொண்டக்டர்.
"மிச்சம் இறங்கேக்கை தாறன்" என்று
எத்தனை லட்சம் தரம் சொல்லியிருப்பார்.
நடந்து நடந்து தேய்ந்த ஒற்றையடிப் பாதையில்
வெள்ளம் வடிந்தபின்னும் புல் இல்லை.

நான் பேச்சுப் பயிற்சி கொடுப்பவள்.
கோப்பைப் படம் காட்டுகிறேன்.
கோப்பை அவருக்குத் தெரியும்,
ஊதிக் குடிக்கிற மாதிரிச் செய்தும் காட்டுகிறார்.
சொல் மட்டும் வாசலில் நின்று
செருப்பைத் தேடுகிறது.

வலது கை கட்டிலில்
வேறு யாரோ மறந்து விட்டுப்போனது போலக் கிடக்கும்.
இடது கையை ஒரு நாள் கவனித்தேன்.
நித்திரையிலும் விரலிடுக்குகள் விரிந்தபடி.
எழும்பியதும் மருந்துத் துண்டை நீட்டினேன்.
பெருவிரலால் நீளவாக்கில் மடித்து
சின்னவிரல் இடுக்கில் செருகிக்கொண்டார்.
"அது நூறு ரூபாத் தாளின்ர இடம்," என்றார்
மனைவி யோகமலர், சிரிக்காமல்.

அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது.
கட்டில் தகரத்தில் இரண்டு தரம் தட்டி
"வண்ணார்பண்ணை" என்றேன்.

கழுத்து நிமிர்ந்தது.

"தட்டாதெரு நாச்சிமார்கோயிலடி கொக்குவில் தாவடி
இணுவில் மருதனார்மடம் சுன்னாகம்
உள்ளுக்கை போ உள்ளுக்கை போ
மல்லாகம் தெல்லிப்பழை"

வார்ட் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.
பக்கத்துக் கட்டில்காரர்
தன் பையை மடியில் எடுத்து வைத்தார்.

பேச்சு குடியிருந்த பக்கம் இடிந்தாலும்
ராகத்துக்கு வலப்பக்கத்திலும் ஒரு வீடு உண்டு.
அந்த ராகத்தைப் பிடித்துக்கொண்டு
மிதிபலகையில் ஒற்றைக் காலோடு
இத்தனை ஊர்கள் வந்து சேர்ந்தன.
ஆனால் "இணுவில் மட்டும் சொல்லுங்கோ" என்றால் முடியாது.
முதலில் இருந்து வரவேண்டும்.
முந்தின ஊர்தான் அடுத்த ஊரை இழுக்கிறது.

தெல்லிப்பழையோடு நிறுத்திவிடுகிறார்.
ஒவ்வொரு நாளும் அங்கேயே.
"அதுக்கங்கால அப்ப பஸ் போறேல்லை.
சென்றி," என்றார் யோகமலர்.
அங்கால மாவிட்டபுரம், அவர் பிறந்த ஊர்.

இப்போது பஸ் போகிறது.
தார் போட்டுக் கனகாலம்.
நரம்புக்கு இன்னும் அறிவித்தல் போகவில்லை.

அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.
எட்டு வயதில், ஒரு பின்னேரம், ஒரேயொரு சத்தம்.
இந்த முப்பத்தேழு வயதிலும்
பலாலிக்குப் பயணிகள் விமானம் வந்தால்
நான் யோசிக்க முன்னம்
தோள்மூட்டு இரண்டும் காதுக்கு ஏறிவிடும்.
பயத்துக்கு ஒருதரம் காணும்.
கோப்பை என்ற சொல்லுக்கு
ஆயிரம் தரம் வேண்டும்.
என்ன கணக்கோ.

தினமும் தட்டுகிறேன்.
தெல்லிப்பழை வந்ததும் "மா…" என்று
என் உதட்டைக் காட்டுகிறேன்.
அவர் கையை ஆட்டுவார், எல்லாரும் இறங்குங்கோ.
இறங்குவேன். அடுத்த நாள் ஏறுவேன்.

நேற்று, சாப்பாட்டு மணிக்குக் கொஞ்சம் முன்,
உதடு இரண்டும் ஒட்டின.
"மா."
அதற்கு மேல் போகவில்லை. வியர்த்துவிட்டார்.
யோகமலரை நீண்ட நேரம் பார்த்தார்.
பிறகு விரலிடுக்கில் இருந்த துண்டை உருவி
அவர் கையில் வைத்தார்.
"மிச்சம்."

யோகமலர் அதை விரித்து
எண்ணுவது போல ஒருதரம் பார்த்து
பேர்ஸில் வைத்துக்கொண்டார்.
"சரி, இருக்கு."

பதிவேட்டில் எழுதினேன்: மா, அரைச் சொல்.
பிறகு "அரை"யை வெட்டினேன்.