முன்னது பின்னுக்கு ஆகாது

ப்யூப்ளோவில் செப்டம்பர்.
தெருமுனையில் இரும்பு உருளையைச் சுழற்றி
மிளகாய் வறுக்கிறார்கள்.
அந்தக் கமறல் என் கடைக்குள் வந்து
ரப்பர் வாசனையோடு மல்லுக்கு நின்ற காலையில்
தரையை முகர்ந்தபடி நுழைந்தது ஒரு மஞ்சள் கார்.

லுட்விக் பெர்கோ இறங்கினார்,
ஒரு கால், கொஞ்சம் மூச்சு, மறு கால்,
தவணை முறையில்.
"ஐயாயிரம் மைல் ஆயிற்று, இசித்ரா.
முன்னதைப் பின்னால் போடு, பின்னதை முன்னால் போடு."
சட்டைப்பையிலிருந்து குறிப்பேடு வந்தது.
கட்டம் போட்ட தாளில் நான்கு வட்டங்கள்,
குறுக்கும் நெடுக்கும் அம்புகள்.

அந்தக் கட்டங்களை எனக்குத் தெரியும்.
எஃகு ஆலைக்கு முப்பத்தொரு வருடம்
அவர் கையால் போட்ட ஷிஃப்ட் அட்டவணை.
ஏழு நாள் பகல், ஏழு நாள் மாலை, ஏழு நாள் இரவு.
எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் அதன் நகல் ஒட்டியிருக்கும்.
அப்பா எப்போது தூங்குவார்,
நாங்கள் எப்போது சத்தமாகச் சிரிக்கலாம் என்று
அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வோம்.

"ஆகாது" என்றேன்.
டேப்பை நீட்டிக் காட்டினேன்.
முன்சக்கரம் பத்தொன்பது அங்குலம்,
பின்சக்கரம் இருபது,
அகலத்திலும் மூன்று விரல் கூடுதல்.
இது திருப்புகிறது, அது தள்ளுகிறது.
அதைக் கொண்டுவந்து இங்கே மாட்டினால்
முதல் வளைவிலேயே மட்கார்டைக் கடிக்கும்.

"எல்லாம் சுற்றி வரவேண்டும்" என்றார்,
"அப்போதுதான் ஒன்றுபோலத் தேயும்.
மெத்தையைக்கூட நான் மூன்று மாதத்துக்கு ஒருமுறை..."
"மெத்தை வளைவில் திரும்பாது, மிஸ்டர் பெர்கோ."

சிரித்தார். நானும்.
ஆலையின் மாடியில் ஒரு கண்ணாடி அறை உண்டு.
அங்கே உட்கார்ந்தவர்களின் பெயர்
எந்த வாரத்து இரவுக் கட்டத்திலும் வந்ததில்லை,
கட்டம் போட்டவரின் பெயர் உட்பட.
அதைக் கேட்கத்தான் வாயெடுத்தேன்.
கம்ப்ரஸர் உறுமத் தொடங்கியது.

லிஃப்டில் ஏற்றினேன்.
வெளியே நின்று பார்த்தால்
பின்டயர்கள் நேற்று வாங்கியவை போல.
"உள்விளிம்பில் கையை வையுங்கள்."
வைத்தார்.
விரல் வழுக்கிக்கொண்டு போனது,
நின்றது,
திரும்பி வந்தது.
"இது எப்போதிலிருந்து?"
"முதல் நாளிலிருந்தே.
வளைவில் பிடி வேண்டுமென்று
சக்கரத்தைச் சாய்த்துத்தான் அனுப்புகிறார்கள்.
பாரமெல்லாம் உள்பக்கம் இறங்கும்."

ஒரு வழி இருந்தது, சொன்னேன்.
ரிம்மிலிருந்து டயரைப் பிடுங்கி
இடத்ததை வலத்துக்கும் வலத்ததை இடத்துக்கும்
புரட்டி மாட்டலாம்.
ஓட்டம் காட்டும் அம்பு அப்போதும் முன்னோக்கியே இருக்கும்.
உள்விளிம்பு வெளியே வந்துவிடும்.
நூற்றிருபது டாலர். வீல் பேலன்ஸோடு சேர்த்து.

குறிப்பேட்டின் அம்புகளை
அழிப்பான் இல்லாமல் விரலால் தேய்த்தார்.
தாள் கறுத்தது, அம்பு போகவில்லை.

வேலை முடிந்து இறக்கியபோது
மஞ்சள் உடம்பின் கீழே
அந்த வழுக்கை விளிம்பு தெருவைப் பார்த்து நின்றது.
"இப்படியேவா தெரியும், எல்லோருக்கும்?"
"குனிந்து பார்க்கிறவர்களுக்கு."

பணத்தை எண்ணி வைத்துவிட்டு,
மீதியை வாங்காமல்,
"அதனாசியோ எப்படி இருக்கிறான்?" என்றார்.
"ஓய்வு பெற்றுப் பன்னிரண்டு வருடம்.
இரவு இரண்டு மணிக்கு எழுந்து
பூட்ஸ் எங்கே என்று கேட்கிறார்."

எதுவும் சொல்லவில்லை அவர்.
சாவியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.
பிறகு, "அடுத்த முறை எப்போது?"
"அடுத்த முறை இல்லை. ஒருமுறைதான் புரட்டலாம்.
இனித் தேய்ந்தால் புதுசுதான்."
ஆனாலும் ஏதோ ஒரு தேதியை எழுதிக்கொண்டார்.

ஐம்பது மைல் ஓடியதும்
நட்டுகளை இறுக்கிப் பார்க்க வரச் சொல்லியிருந்தேன்.
மிளகாய்க்காரர்கள் உருளையைக் கழற்றி
வண்டியில் ஏற்றிவிட்டார்கள்.
மஞ்சளாக எது திரும்பினாலும்
தலை தானாக நிமிர்கிறது.